ஆறு நாற்பதுக்கு உள்ளே வந்த ஆள்

எங்கள் குடும்பத்தில் குடிகாரர்கள் அதிகம். ஆனால் அவர்களில் ஒருவர்கூடக் குடித்ததை யாரும் பார்த்ததில்லை. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு ஐம்பத்து மூன்று வயது ஆகவேண்டியிருந்தது. நான் எப்போதுமே கொஞ்சம் மெதுவாகப் புரிந்துகொள்கிற ஆள். பள்ளிக்கூடத்தில் கேட்ட ஜோக்குக்குக் காலேஜில் சிரித்தவன்.

தாத்தா செகந்திராபாத் ஸ்டேஷன் மேம்பாலப் படிகளில் பட்டப்பகலில் உருண்டு விழுந்து இறந்தார். குடி என்றார்கள். பெரியப்பா சர்ச் பாடகர் குழுவில் நின்று பாடிக்கொண்டிருந்தபோதே பக்கத்தில் நின்றவரின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டார். குடி என்றார்கள். அடுத்தது என் அப்பா.

அப்பா சனத்நகரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். நாற்பத்தைந்து வயது வாக்கில் அவர் விரல்கள் தனியாக ஏதோ செய்ய ஆரம்பித்தன. சாப்பாட்டு மேசைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத ஆர்மோனியத்தை வாசிப்பது போல. பிறகு தோள். யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரி திடீரென்று ஒரு குலுக்கல். பிறகு நடை. ஒரு காலை வைத்துவிட்டு, அடுத்த காலை எங்கே வைப்பது என்று அந்தக் கால் மட்டும் தனியாக யோசிக்கும். பட்டறையில் வாயை ஊதச் சொன்னார்கள். ஊதினார். சோம்பு வாசனை வந்தது. நாற்றத்தை மறைக்கத்தான் சோம்பு போட்டிருக்கிறான் என்று லேத்திலிருந்து எடுத்து கேட்டில் உட்கார வைத்தார்கள். போகிற வருகிற வண்டி நம்பரை எழுதுகிற வேலை. எழுத்து கட்டத்துக்குள் நிற்காமல் ஓட ஆரம்பித்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சர்ச்சில் காணிக்கைப் பை எடுத்துக்கொண்டு போகிறவர் அவர். அதையும் கமிட்டி கூடி நிறுத்தியது. அவர் வாழ்நாளில் குடித்த மொத்த ஒயினே, மாதத்துக்கு ஒருமுறை திருவிருந்தில் நாக்கில் படுகிற அந்தச் சொட்டுதான். கடைசியில் அந்தச் சொட்டும் சட்டையில்தான் விழுந்தது.

இதில் எனக்கு இன்றும் மறக்காதது ஒன்று உண்டு. அம்மா அவரைப் பார்த்து, “கொஞ்சம் ஆடாம உக்காருங்களேன்” என்பாள். அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத் தலையைத் தூக்கிப் பார்ப்பார். “நான் சும்மாதானே உக்காந்திருக்கேன்?” என்பார். அந்த நேரம் அவர் இடது பாதம் தரையில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும்.

பதினாலு வயதில் நான் சர்ச் ஹாலில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு மிமிக்ரி செய்தேன். சர்ச் போதகர் ஐயர் பிரசங்கத்துக்கு முன்னால் தொண்டையைச் செருமுவது, பாடகர் குழுத் தலைவர் ஆவென்று வாயைத் திறப்பது எல்லாம் ஆயிற்று. கைத்தட்டல் போதவில்லை. பேராசை பிடித்தவன் நான். கடைசி ஐட்டமாக அப்பாவின் நடையை நடந்து காட்டினேன். ஹாலே அதிர்ந்தது. மூன்றாவது வரிசையில் அப்பாவும் கைதட்டினார். அவர் ஒரு கை இன்னொரு கையைச் சரியாகச் சந்திக்கவில்லை. அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

வெட்கப்பட்டு நான் அதை விட்டுவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். விடவில்லை. கல்யாண வீடுகளில், ஆபீஸ் பிரிவு உபசாரங்களில், மாமனார் வீட்டு மொட்டைமாடியில் என்று நாற்பது வருஷம் அந்த நடையை நடந்திருக்கிறேன். மெருகேற்றிக்கொண்டே வந்தேன். அப்பா இறந்த பிறகு அது அஞ்சலி என்று பெயர் மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

அவர் இறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் ஒரு டாக்டர் அந்த நோய்க்குப் பெயர் சொன்னார். மூளையில் வருவது, பரம்பரையாக வருவது, பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. “காசு சுண்டுகிற மாதிரி” என்றார். “பழைய காசா சார், புதுக் காசா?” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும், ஆனால் தெரிந்து குணப்படுத்த மருந்து கிடையாது என்றும் சொன்னார். குணமாகாது என்றால் எதற்குத் தெரிய வேண்டும்? சுண்டிய காசை இருபத்தைந்து வருஷம் கீழே விழவிடாமல் வைத்திருந்தேன். அந்தச் சாமர்த்தியத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அதை விழவைக்க வந்தவள் என் மகள்.

அவள் இந்தச் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் எல்லாம் புரியும், அவசரத்துக்குப் பேசவும் வரும், கோபம் மட்டும் ஹிந்தியில் வரும். கல்யாணமாகிக் குகட்பள்ளியில் இருக்கிறாள். போன ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எங்கள் ஹப்சிகுடா ஃபிளாட்டுக்குச் சாப்பிட வந்தாள். பாதிச் சாப்பாட்டில் ஆரம்பித்தாள்.

“டாடி, ஒரு விஷயம். சிரிக்காம கேக்கணும்.”

“அதுக்கு வேற மூஞ்சி வேணும்மா. இது சிரிக்கிற மாதிரியே தச்சுட்டாங்க.”

“நக்கோ டாடி, வேணாம். ஜோக் நக்கோ. நாங்க குழந்தை பெத்துக்கலாம்னு இருக்கோம்.”

“நல்ல விஷயம்தானே?”

“அதுக்கு முன்னாடி அந்த டெஸ்ட் எடுத்துடலாம்னு இருக்கேன்.”

நான் அப்பளத்தை உடைத்தேன். அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

“எடுத்துக்கோ. உன் ரத்தம், உன் டெஸ்ட்.”

“அங்கதான் டாடி பிரச்சினை. எனக்கு இருக்குன்னு வந்தா, அது உங்ககிட்டேருந்துதான் வந்திருக்கணும். நீங்க கேக்காமலே உங்க ரிசல்ட் வெளிய வந்துடும். நீங்க முதல்ல எடுத்து, உங்களுக்கு இல்லன்னு வந்தா, எனக்கும் இல்ல. கதை முடிஞ்சது. நான் ஊசியே போட்டுக்க வேண்டாம்.”

“எனக்குத் தெரியவே வேணாம்னா?”

“எனக்குத் தெரிஞ்சே ஆகணும்னா?”

என் மனைவி ரசத்தை எடுத்து என் தட்டில் ஊற்றினாள். தட்டில் சாதம் இல்லை. ரசம் ஓரம் வரை ஓடி நின்றது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“கைக்கு இவ்ளோ அவசரம்?” என்று, ‘ஏன்’ என்பதை அவள் ஹிந்தியிலேயே கேட்டேன் கடைசியில்.

“எனக்கு முப்பது வருது டாடி. தாத்தாவுக்கு நாப்பத்தஞ்சுல வந்துது.”

போய்ப் பேசியாவது பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பேச்சு என்றால் எனக்குப் பயமில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பதற்கு முன்னால் ஆலோசகர் ஒருவரைப் பார்க்க வேண்டும். என் மகள் வயதுப் பெண். ஜன்னல் இல்லாத சின்ன அறை. மேசைமேல் டிஷ்யூ பெட்டி. அது எதற்கு என்று எனக்குத் தெரியாதது போல ஒன்றை உருவிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

வெள்ளைத்தாளில் பென்சிலால் எங்கள் குடும்பத்தை வரைந்தார். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம். இறந்திருந்தால் குறுக்கே ஒரு கோடு. நோய் இருந்தால் சதுரத்தைக் கறுப்பாக்க வேண்டும். அப்பாவின் சதுரத்தை நிதானமாக, விளிம்பு தாண்டாமல் கறுப்பாக்கினார்.

“உங்க தாத்தா?”

“அவர் குடிச்சிட்டுப் படியில விழுந்தார் மேடம்.”

“குடிச்சதை யாராவது பார்த்திருக்காங்களா?”

நான் யோசித்தேன். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. அதில் படிக்கட்டு உண்டு, கூட்டம் உண்டு, தொப்பி உருண்டு தண்டவாளத்தில் விழுந்ததுகூட உண்டு. பாட்டில் இல்லை.

“இல்லை.”

பென்சில் தாத்தாவின் சதுரத்தில் பாதியை நிழலாக்கியது. நிச்சயமாகத் தெரியாதென்றால் பாதியாம்.

“பெரியப்பா?”

“அவரும்…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அவர் பாதியும் இருண்டது. தாத்தாவின் தம்பி ஒருவர் பேச்சுக் குழறிக் குழறி ஊரை விட்டே போனவர். அவர் பாதியும். விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே யாரோ வீட்டுக்குள் நடந்து வருவது போல இருந்தது. கடைசி அறையில் நான் உட்கார்ந்திருந்தேன். என் சதுரத்துக்கு மேலே பென்சில் ஒரு நொடி நின்றது. தொடாமல் நகர்ந்தது.

“குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி இருக்கு மேடம்,” என்றேன். “எனக்கு இடமிருந்து வலமா, மேலிருந்து கீழா?”

அந்தப் பெண் மரியாதைக்குச் சிரித்தார். பிறகு சொன்னார். எடுப்பதும் எடுக்காததும் என் உரிமை. ரத்தம் கொடுத்த பிறகும் முடிவு வேண்டாம் என்று சொல்லலாம். யாரும் வற்புறுத்தக்கூடாது, மகள் உட்பட. வரும்போது கூட ஒருவரை அழைத்து வர வேண்டும். இதெல்லாம் சரி. எழுந்து வரும்போது நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “ஆரம்பிச்சா எனக்கே தெரிஞ்சிடும் இல்ல?” என்று கேட்டேன்.

“பல பேருக்குத் தெரியறதில்லை சார். உடம்பு அசையும். மத்தவங்களுக்குத் தெரியும். அவங்களுக்கு மட்டும் தெரியாது. நாங்க சும்மாதானே இருக்கோம்னு சொல்வாங்க.”

மேசைமேல் இருந்த என் கைகளைப் பார்த்தேன். அசையாமல்தான் இருந்தன. அப்படித்தான் நினைக்கிறேன்.

மகளுக்கு ஃபோன் செய்து, கிறிஸ்துமஸ் போகட்டும் என்றேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸும் போகும், எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். “டிசம்பர் வரைக்கும் பொறுத்திருப்பேன் டாடி. ஜனவரியில நானே போய் எடுத்துடுவேன். உங்க இஷ்டம்,” என்று வைத்துவிட்டாள். உங்க இஷ்டம் என்று அவள் சொன்னால் அதற்குப் பிறகு பேச்சில்லை.

அதற்குப் பிறகு நான் என்னை உளவு பார்க்க ஆரம்பித்தேன். லிஃப்ட் கண்ணாடியில், மெட்ரோ ஜன்னலில், அணைத்த டிவியில். பார்க்கும்போதெல்லாம் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தான். சந்தேகப்பட்ட ஆளைப் பின்தொடர்ந்தால் அவன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, அத்தனை ஒழுங்கு. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் பார்க்காதபோது அவன் என்ன செய்கிறான்?

அக்டோபரில் ஆபீஸில் ஒருவர் ஓய்வு பெற்றார். இன்ஷூரன்ஸ் ஆபீஸ், எல்லோரும் பழைய ஆட்கள். வழக்கம்போல “அப்பா நடை! அப்பா நடை!” என்று கத்தினார்கள். கடைசி நாற்காலியிலிருந்து எழுந்து மைக்கை நோக்கிப் போனேன். பாதி வழியிலேயே சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மைக்கை அடைந்ததும் பலமாகக் கைதட்டினார்கள்.

“பிரமாதம் சார். வருஷத்துக்கு வருஷம் அசலா ஆயிட்டே போகுது.”

நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

பெரிய நகைச்சுவையாளர்களை மேடையில் பார்த்ததுமே ஜனங்கள் சிரிப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தற்பெருமை சமயத்தில் நல்ல போர்வை. அதைத் தலை வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நவம்பரில் தொட்டி உடைந்தது.

எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். யாரும் போட்டியிடாததால் அமோக வெற்றி பெற்றவன். ஒரு ஞாயிறு காலை, சர்ச்சுக்குக் கிளம்பும்போது முதல் மாடி டீச்சரம்மா வந்து நின்றார். தெலுங்குக்காரர், ஓய்வு பெற்றவர். கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் அவர் வைத்திருந்த மண்தொட்டி ஒன்று உடைந்து கிடக்கிறது, நேற்று சாயங்காலம் யாரோ இடித்திருக்கிறார்கள், கேமராவைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். செயலாளருக்கு இதைவிடப் பெரிய வேலை எப்போது வரும்? சர்ச்சிலிருந்து வந்த கையோடு வாட்ச்மேன் அறைக்குப் போய் உட்கார்ந்தேன்.

வாட்ச்மேன் நல்கொண்டா பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர். கேமராவை ஓட்டிக் காட்டினார். மங்கலான கறுப்பு வெள்ளைப் படம். கேட்டுக்குமேல் உயரத்திலிருந்து எடுத்தது. உள்ளே வருகிறவர்களின் முதுகும் உச்சந்தலையும்தான் தெரியும். ஓரத்தில் நேரம்: ஆறு நாற்பது. ஒரு ஆள் கையில் பையோடு உள்ளே வருகிறான். தோளை ஒரு குலுக்குக் குலுக்குகிறான். ஒரு காலை வைத்துவிட்டு நிற்கிறான். அடுத்த கால் சந்தேகத்தோடு பக்கவாட்டில் போகிறது. முட்டி தொட்டியில் இடிக்கிறது. தொட்டி சாய்ந்து உடைகிறது. அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒன்றுமே நடக்காத மாதிரி படத்தைவிட்டு வெளியே போய்விட்டான்.

“ஃபுல்லா ஏத்திக்கிட்டு வந்திருக்கான்,” என்றேன். “சாயங்காலம் ஆறே முக்காலுக்கே! நீங்க எங்க போனீங்க? இப்படித்தான் கண்டவனையும் உள்ள விடறதா?”

வாட்ச்மேன் தன் கையில் இருந்த சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டேன். நானே ஆறேகால் மணிக்குத்தான் உள்ளே வந்தேன், கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால் அவனைக் கையும் களவுமாகப் பிடித்திருப்பேன் என்றும் சொன்னேன். அதற்கும் அவர் சாவிக்கொத்தைத்தான் பார்த்தார்.

படத்தை எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போட்டேன். இருபத்து நாலு வீடு. “இந்தக் குடிகாரரை யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் என்றைக்கு நிறுத்தினேன்? “ஆடுவது அவரா, நமது கட்டடமா? இன்ஜினியர்கள் விளக்கவும்.” புதிதாகக் குடிவந்த பையன் சிரிப்புப் பொம்மை ஒன்று போட்டான். உற்சாகம் வந்துவிட்டது. “செடியிடம் வழி கேட்கிறார், பாவம், செடி வெளியூர்.” காத்திருந்தேன். “அடுத்த முறை வந்தால் இரண்டு தொட்டிக்கு நடுவே கோலிக்குண்டு வைத்து விளையாட விடலாம்.”

பதில் இல்லை. எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று நீலக் குறிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. இந்தக் குழுவில் தண்ணீர் டேங்கர் என்று ஒரு வார்த்தை போட்டால் நாற்பது பதில் வரும். இப்போது இருபத்து மூன்று வீடும் படத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அந்தப் பையனும் தன் சிரிப்புப் பொம்மையை அழித்துவிட்டான். யாரோ தனியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

மனைவி சமையலறையிலிருந்து ஃபோனோடு வந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை.

“என்னாங்க, இதை எதுக்குப் போட்டீங்க?”

“தொட்டியை உடைச்சவன். குடிகாரன்.”

“அந்தச் சட்டையைப் பாருங்க.”

“என்ன சட்டை? நம்ம கட்டம் போட்ட சட்டை மாதிரி இருக்கு.”

“ஹவ், ஆமா. மாதிரி இல்ல, அதேதான். ஈஸ்டருக்கு நான் எடுத்தது. கையில இருக்கிறது தோசை மாவு.”

“நான் ஆறேகாலுக்கு வந்தேன். இவன் ஆறு நாப்பதுக்கு.”

“கேமரா கடிகாரம் இருபத்தஞ்சு நிமிஷம் முன்னால ஓடுதுன்னு போன மீட்டிங்ல புலம்பினது யாரு? அதைச் சரி பண்றேன்னு எழுந்து சொன்னது யாரு?”

நான் மறுபடி படத்தை ஓட்டினேன். சொல்வதற்குக் கஷ்டமாக இருக்கிறது. சட்டை என் சட்டை. பை என் பை. உச்சந்தலை வழுக்கையும் எனக்குத் தெரியாத வழுக்கை அல்ல. ஆனால் உள்ளே வருகிற ஆளை நான் நாற்பது வருஷமாக அறிவேன். வளைவு தெரியும், தயக்கம் தெரியும், அடுத்த குலுக்கல் எப்போது வரும் என்று எனக்கு மனப்பாடம். அப்பா இறந்து இருபத்து நாலு வருஷம் ஆகிறது. நேற்று சாயங்காலம் என் சட்டையைப் போட்டுக்கொண்டு, மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் தோசை மாவு வாங்கிக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

“நடிச்சீங்களா?” என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும் என்பது போலக் கேட்டாள்.

“யாருக்கு நடிக்கிறது? செடிக்கா?”

எழுந்து குளியலறைக்குப் போனேன். நேற்றுக் கழற்றிப்போட்ட பேண்ட் பக்கெட்டில் கிடந்தது. இடது முட்டிக்கு நேராகச் செம்மண் பூசியிருந்தது. காலைத் தூக்கிப் பார்த்தேன். முட்டிக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு, கன்றிப் போய் நீலம் பாரித்திருந்தது. அழுத்தினால் வலித்தது. அந்தக் காயம் நேற்றிலிருந்து என்னோடு இருந்து, சர்ச்சுக்கு வந்து, முழங்கால் போட்டு ஜெபம் செய்து, வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது. எனக்குத் தகவல் இல்லை. மாவு பாக்கெட் ஓட்டை என்று நேற்றுக் கடைக்காரனை ஃபோனில் திட்டினேன். வாட்ச்மேனைத் திட்டினேன். யாரோ குடிகாரனைக் கேலி செய்தேன். ஊரில் என்னைத் தவிர எல்லோரையும் பிடித்தாயிற்று.

கீழே இறங்கிப் போனேன். ஒவ்வொரு படியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு. வாட்ச்மேன் எழுந்து நின்றார்.

“முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?”

“மீரே சார்,” என்றார். நீங்கதான். பிறகு அவர் தெலுங்கில் சொன்னது இது: இப்படித்தான் சார் நீங்க மூணு நாலு மாசமா வரீங்க. சாருக்கு உடம்பு சரியில்லைன்னு நாங்க யாரும் கேக்கறதில்லை.

“குடிக்கிறேன்னு நினைச்சீங்களா?”

அவர் மறுபடியும் சாவிக்கொத்தைப் பார்த்தார்.

அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. சனத்நகர் கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதின மனிதரை நினைத்துக்கொண்டிருந்தேன். வாயை ஊது என்றபோது அவர் ஊதிக் காட்டினார். குடிக்கவில்லை என்றார். பிறகு என்னடா உனக்கு என்று கேட்டபோது சொல்ல அவரிடம் ஒரு வார்த்தை இல்லை. பெயர் கிடைத்தபோது அதை உச்சரிக்க அவர் நாக்கு ஒத்துழைக்கவில்லை. பட்டறை, கமிட்டி, பதினாலு வயதில் நான். எங்கள் எல்லோருக்கும் குடி என்ற வார்த்தை கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது, எடுத்துப் போட்டோம். இன்றைக்கு அதே வார்த்தையை நானே, எனக்கே, படத்தோடு இருபத்து மூன்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஒன்றும் நிச்சயமில்லை என்பதும் உண்மைதான். நடை கெடுவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், ரத்தம்தான் சொல்ல வேண்டும் என்று அந்த ஆலோசகர் சொல்லியிருந்தார். அந்தப் பாதிக்குப் பாதியை இத்தனை வருஷம் நான் நல்ல செய்தியாகவே வைத்துக்கொண்டிருந்தேன். அதே பாதிக்குப் பாதியைத்தான் என் மகள் தன் வயிற்றுக்கு முன்னால் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்றைக்காவது அவள் கை ஆடினால், அவளிடமாவது ஒரு வார்த்தை இருக்க வேண்டும். ஆடாதென்றால், அதையும் யாராவது அவளுக்குச் சொல்ல வேண்டும்.

முதலில் குழுவில் எழுதினேன். “படத்தில் இருப்பவர் அடையாளம் காணப்பட்டார். சங்கச் செயலாளர். அவர் குடிக்கவில்லை. நோயா என்று பரிசோதிக்கப் போகிறார். டீச்சரம்மாவுக்கு நாளை புதுத் தொட்டி வரும். வாட்ச்மேனிடம் நேரில் மன்னிப்புக் கேட்டாயிற்று.” கடைசி வாக்கியத்தை அனுப்பிவிட்டுத்தான் கீழே போய்க் கேட்டேன். ஒழுங்கில் கொஞ்சம் முன்பின்.

 பிறகு டீச்சரம்மா மட்டும் எழுதினார்: “தொட்டி வேண்டாம் சார். அந்தச் செடி எங்கே இருந்தாலும் வளரும்.”

அடுத்து மகளை அழைத்தேன்.

“இந்த வாரம் லீவ் கிடைக்குமா? கூட ஒரு ஆள் வேணுமாம்.”



“டாடி, எனக்காகன்னா வேண்டாம். கோபத்துல சொல்லிட்டேன்.”

“உனக்காக மட்டும் இல்ல. கீழ ஒருத்தர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சாவிக்கொத்தைப் பார்க்கிறார். அவருக்கு நான் பதில் சொல்லணும்.”

அவளுக்குப் புரிந்திருக்காது. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் முதலில் ஒரு டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். நீளமான வராண்டா, தரையில் ஒரு கோடு. அந்தக் கோட்டின்மேல் ஒரு காலுக்கு முன் இன்னொரு காலை ஒட்டி வைக்க வேண்டும். நடந்தேன். பாதியில் மகள், “டாடி, நக்கோ ஆக்டிங். நார்மலா நடங்க,” என்றாள்.

நின்றேன். நார்மலாக நடப்பது எப்படி என்று யோசித்துப் பார்த்தேன். நாற்பது வருஷமாக இன்னொருவர் நடையை நான் பயிற்சி செய்திருக்கிறேன். என் நடை என்று ஒன்று இருந்திருக்கும். எந்த மேடையில் விட்டுவிட்டு வந்தேன் என்று தெரியவில்லை. மறுபடி காலை வைத்தேன். டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார். மகள் கோட்டின் மறுமுனையில் போய் நின்றுகொண்டாள்.

ரத்தம் எடுக்கும் அறையில் ஆலோசகர் இன்னொரு தடவை கேட்டார். இப்போதும் வேண்டாம் என்று சொல்லலாம் சார். எடுங்கள் என்றேன். கையெழுத்துப் போட்டேன். பெட்டிக்குள் நிற்கச் சொன்ன கையெழுத்து கொஞ்சம் வெளியே எட்டிப் பார்த்தது. முடிவு வரச் சில வாரம் ஆகும், வந்ததும் இருவரும் சேர்ந்து வாருங்கள் என்றார்.

நர்ஸ் முழங்கைக்கு மேலே ரப்பரைக் கட்டினாள். நரம்பைத் தட்டினாள். ஊசியை எடுத்தவள் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“கையை ஆட்டாதீங்க சார்.”

“நான் சும்மாதானே உக்காந்திருக்கேன்?”

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அந்த ஆச்சரியம், அந்தத் தலை தூக்கல், கடைசியில் குரல் கொஞ்சம் மேலே போவது. இதை நான் மிமிக்ரியில் செய்ததே இல்லை. எனக்கு வரவே வராத ஒரே பகுதி அதுதான்.

மகள் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். என் மணிக்கட்டின்மேல் தன் உள்ளங்கையை வைத்து மேசையோடு சேர்த்து அழுத்தினாள். சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது நான் அவள் கையைப் பிடித்த அதே அழுத்தம். ஊசி இறங்கியது. கண்ணாடிக் குழாய்க்குள் ரத்தம் ஏறுவதை நான் பார்க்கவில்லை. கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே அவள் கை, கீழே என் கை. இரண்டும் சேர்ந்து மெல்ல, மிக மெல்ல அசைந்துகொண்டிருந்தன. கீழே இருப்பது மேலே இருப்பதை அசைக்கிறதா, மேலே இருப்பது கீழே இருப்பதையா என்று எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. நிமிர்ந்தபோது அவளும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் பஞ்சை வைத்து, முடிந்தது, கையை எடுக்கலாம் என்றாள். நாங்கள் உடனே எடுக்கவில்லை.